வரவேற்பு மணி

ஜனவரி 20, திங்கள்

ரத்த அழுத்தம் பார்க்கும் டாக்டர் சொன்னதால் இதை எழுதுகிறேன். "கோபம் வந்தா யார்கிட்டயும் கத்தாதீங்க, ஒரு நோட்டுல எழுதித் தள்ளுங்க" என்றார். போன வருட டைரி ஒன்று புதிதாகவே கிடந்தது. கிழமை பொருந்தாது, அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

இன்று காலை வழிபாட்டில் தலைமையாசிரியர் ரத்தினசபாபதி அறிவித்தார். எங்கள் பள்ளிக்குச் செய்முறைத் தொழில்நுட்ப ஆய்வகம் வருகிறதாம். பிளாஸ்டிக்கை உருக்கிப் பொருளாகவே அச்சடிக்கும் இயந்திரம், லேசரில் பலகை வெட்டும் இயந்திரம், ரோபோ செய்யும் பெட்டிகள், எல்லாம் வரும். பிள்ளைகள் மனதில் நினைத்ததைக் கையால் செய்து பார்க்கலாம். இதே மனிதர்தான் போன வாரம் சோதனைக்கூடத்தில் ஒரு பையன் பல்பை உடைத்ததற்கு அப்பனை அழைத்துவரச் சொன்னவர். "பொறுப்பாசிரியர், நம்ம சிகாமணி சார்" என்று முடித்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இயற்பியல் வாத்தியார் என்றால் மைக் செட்டுக்கும் ஃபியூஸுக்கும் பிறந்தவன் என்பது இங்கே எல்லோருடைய எண்ணம்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் நின்று செம்பருத்திச் செடிகளைக் காட்டி வேறு பெருமை பேசினார். போன வருடம் யாரோ விருந்தினர் வந்து நட்டவை. ஒருவரும் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை, ஆனால் தளதளவென்று நிற்கின்றன. இந்தப் பள்ளியில் கவனிக்காமல் விட்டால்தான் எதுவும் உருப்படும்.

ஜனவரி 27, திங்கள்

ஆய்வகத்துக்கு ஒதுக்கிய அறையை இன்று திறந்தோம். கருமம். உடைந்த பெஞ்சுகள், பழைய தேர்தல் தட்டிகள், எலிப் புழுக்கை. ஒரு மூலையில் செத்து உலர்ந்த எலி ஒன்று சுவரோடு ஒட்டிக்கிடந்தது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் பெண் பிள்ளைகளின் கழிப்பறை. அந்த நாற்றம் ஜன்னல் வழியாக வந்து முகத்தில் அறைந்தது. தலைமையாசிரியர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "ஏ.சி. போட்டு ஜன்னல அடைச்சுட்டா தெரியாதுங் சார்" என்றார். நாற்றத்துக்கு இவர் கண்ட மருந்து ஜன்னலை அடைப்பது.

வயர்மேன் பழனிச்சாமி வந்து பார்த்தான். கழிப்பறைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஒன்று உண்டு, யாருக்காவது நினைவு வந்தால் போடுவார்கள். அதற்கு வந்த லைன் ஒன்றுதான் ஏ.சி.யைத் தாங்கும் என்றான். "ஆனா ரெண்டையும் ஒண்ணா ஓட்ட முடியாதுங் சார். ஏ.சி. ஓடுனா மோட்டாரு ஓடாது, மோட்டாரு ஓடுனா ஏ.சி. ஓடாது. மாத்திவிடற சுவிட்சு ஒண்ணு வெச்சுக்கலாமுங்."

சுவிட்சை எங்கே வைப்பது என்று கேட்டான். ஆய்வகத்துக்கு உள்ளேயே வை என்றேன். வெளியே வைத்தால் கண்ட பையனும் திருப்பி விளையாடுவான். பள்ளி விட்டதும் நான் மோட்டார் பக்கம் திருப்பி, தொட்டி நிறைந்ததும் நிறுத்திவிட்டுப் போகிறேன். ஒரு முறை நிறைந்தால் மறுநாள் முழுக்க வரும். இதில் என்ன இருக்கிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்

இயந்திரங்கள் வந்துவிட்டன. எல்லாம் பாலிதீன் உறைக்குள் இருக்கின்றன. உறையைப் பிரிக்கக் கூடாது என்று உத்தரவு. "தெறப்பு விழா முடியட்டும் சார், புதுசாவே இருக்கட்டும்." எங்கள் ஊரில் புதுக் கார் வாங்கியவன் சீட்டின் மேலுள்ள பாலிதீனை மகளின் கல்யாணம் வரை எடுக்க மாட்டான், வேர்த்து வேர்த்து அதன் மேலேயே உட்கார்ந்து போவான். அதே புத்திதான் இதுவும்.

தூசி, வெப்பம் ஆகாது என்று கம்பெனிக்காரர் சொன்னதால் ஏ.சி. காலையிலிருந்தே ஓடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு செய்முறைத் தேர்வு ரெக்கார்டுகளை அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். யாராவது ஒருவர் இயந்திரங்களுக்குக் காவல் இருக்க வேண்டுமே.

பிப்ரவரி 6, வியாழன்

மோட்டார் போட முடியவில்லை. கேஸ் சிலிண்டர்காரன் வருகிற நேரம், மனைவி வளர்மதி வீட்டில் இல்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்றும் முடியவில்லை. மாவு அரைக்கப் போக வேண்டியிருந்தது. தொட்டி நிறையும் வரை நான் ஒருவன் அங்கே நின்றுகொண்டிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? இத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மணி அடித்தால் போதும், ஸ்கூட்டரைக் கிளப்பிப் பறந்துவிடுகிறார்கள்.

பிப்ரவரி 10, திங்கள்

ஆய்வகக் குழுவுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தோம். தேர்ந்தெடுத்தோம் என்றால், தலைமையாசிரியர் சிவப்பாக இருக்கிற, இங்கிலீஷ் பேசுகிற நாலு பேரைக் காட்டினார். நான் கெஞ்சி ஒன்பதாம் வகுப்பு சுபிக்ஷாவைச் சேர்த்தேன். அவள் அப்பாவுக்கு விசைத்தறிதான் தொழில். எதைக் கையில் கொடுத்தாலும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் தருவாள்.

அந்த நாலு பேருக்கும் வேலை ஒன்றும் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு கடையில் ரோபோவை ஆயத்தமாகவே விற்கிறான். கையில் தட்டு ஏந்தி உருண்டு வந்து விருந்தினர் மேல் பூ தூவும். அதற்கு ஆள் அனுப்பியாகிவிட்டது. "இந்த ரோபோவை நாங்களே வடிவமைத்தோம்" என்று இங்கிலீஷில் சொல்ல ஒரு பையனுக்கு இன்று முழுவதும் பயிற்சி. அந்தப் பிள்ளை இன்னும் ரோபோவைக் கண்ணால் பார்க்கவே இல்லை.

"நீ என்ன செய்யப் போறே?" என்று சுபிக்ஷாவைக் கேட்டேன்.

"மணி ஒண்ணு செய்யலாம்னு இருக்கறேனுங் சார்."

"என்ன மணி?"

"தொட்டியில தண்ணி தீந்தா அடிக்கற மணிங் சார்."

தலைமையாசிரியர் காதில் விழுந்துவிட்டது. "எந்தத் தொட்டி?" என்றார். அவள் சொன்னாள். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "ச்சீ. வெள்ளிங்கிரி அய்யா வர்ற விழாவுல கக்கூஸப் பத்திப் பேசற? வேற நல்லதா யோசி கண்ணு" என்றார். வெள்ளிங்கிரி அய்யாதான் ஆய்வகத்துக்குப் பணம் கொடுத்த மில் முதலாளி. அவர் வீட்டில் கக்கூஸே இல்லாத மாதிரி பேசுகிறார் இவர்.

விழாவில் வைக்க வேண்டாம், சும்மா செய்து பார் என்றேன்.

பிப்ரவரி 13, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் ஸ்டெல்லா டீச்சர் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். ஒன்பதாம் வகுப்புக்கு அவர்தான் வகுப்பாசிரியை. ரூபிணி என்ற பெண், சுபிக்ஷாவின் பக்கத்து இடத்துக்காரி, மூன்று நாட்களாக வரவில்லை. காய்ச்சல், அடிவயிற்று வலி. சிறுநீரில் கிருமி ஏறி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள்.

"டாக்டர் கேட்டிருக்காரு, ஏம்மா தண்ணியே குடிக்க மாட்டியான்னு. அவ குடிக்க மாட்டா சார். இவ மட்டுமில்ல, என் கிளாஸ்ல ஒரு பொண்ணும் குடிக்க மாட்டா. குடிச்சா போகணுமே. போனா தண்ணி இருக்காதே."

"வீட்லருந்து பாட்டில் கொண்டுவர்றாங்களே" என்றேன்.

"கொண்டுவர்றாங்க. அப்படியே ரொப்பின பாட்டிலாத் திரும்பிக் கொண்டுபோனா அம்மா திட்டுவாங்கல்ல? சாயங்காலம் வாசல்ல அந்தச் செம்பருத்திக்கு ஊத்திட்டுப் போறாங்க. நீங்க பாத்ததே இல்லையா?"

நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் நான் வாசலில் நிற்பதில்லை.

என்ன பள்ளிக்கூடம் இது? என்ன நிர்வாகம்? லேசர் வாங்குகிறவர்களுக்குப் பெண் பிள்ளைகளுக்கு ஒரு வாளித் தண்ணீர் வைக்கத் தோன்றவில்லை. பெற்றவர்களும் கேட்பதில்லை. சீ என்று இருந்தது. ஸ்டெல்லா டீச்சர் போகும்போது சுவரில் இருந்த சுவிட்சைப் பார்த்தார். ஏ.சி. காற்று நேராக அவர் மேல் வீசியது, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனார்.

சாயங்காலம் மோட்டார் போட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

சுபிக்ஷா மணியைச் செய்து முடித்துவிட்டாள். அப்பாவின் தறியில் பார்த்த விஷயம்தான். பாவு நூல் ஒன்று அறுந்தால் அதில் தொங்கும் மெல்லிய தகடு கீழே விழும், விழுந்து தொட்டதும் தறி நின்றுவிடும். இவள் நூலுக்குப் பதிலாகத் தொட்டியில் தெர்மாகோல் மிதவை போட்டாள். தண்ணீர் இறங்கினால் மிதவை இறங்கும், தகடு தொடும், மணி அடிக்கும். அச்சு இயந்திரத்தின் உறையைப் பிரிக்கக் கூடாது என்பதால் பழைய டப்பா மூடிகளை வெட்டித்தான் எல்லாம் செய்தாள். உலகத்துத் தொழில்நுட்பம் எல்லாம் இந்த அறைக்குள் பாலிதீனில் தூங்குகிறது, இவள் டப்பா மூடி வெட்டுகிறாள். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

வயரை வென்டிலேட்டர் வழியாகக் கொண்டுவந்து மணியை ஆய்வகத்திலேயே, என் மேசைக்கு அடியில் பொருத்தினாள்.

"இங்க எதுக்கு? ஹெச்.எம். ரூம்ல வெச்சாலாவது பிரயோஜனம்."

"சுவிட்சு இங்கதானுங்களே சார் இருக்குது" என்றாள்.

அவள் வேண்டுமென்று சொன்னதாக நான் நினைக்கவில்லை. குழந்தை.

பிப்ரவரி 21, வெள்ளி

திறப்பு விழா முடிந்தது. கை காலெல்லாம் பிசுபிசுவென்று இருக்கிறது. குளித்தும் போகவில்லை.

விருந்தினர் வரும்போது அறை ஜில்லென்று இருக்க வேண்டும் என்று விடிந்ததுமே ஏ.சி.யைப் போடச் சொல்லிவிட்டார். நேற்று விழா வேலையில் மோட்டார் போட யாருக்கு நேரம்? பெண் பிள்ளைகள் எல்லாம் கோலத்துக்கும் பேண்டுக்கும் கருக்கலிலேயே வந்துவிட்டார்கள். வெள்ளிங்கிரி அய்யா காரை விட்டு இறங்கியபோது கழிப்பறை முன்னால் நீளமாக ஒரு வரிசை நின்றது. உள்ளே குழாயில் நூலாக வடிந்த தண்ணீர் ஒரு வாளி நிறையக் காத்திருக்கிறவர்கள்.

"இதென்னங் வரிசை?" என்றார் அவர்.

"உங்களப் பாக்கறதுக்குத்தானுங்க அய்யா நிக்கறாங்க" என்றார் தலைமையாசிரியர்.

அய்யா அந்த வரிசையைப் பார்த்துக் கும்பிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் பதிலுக்குக் கும்பிட்டன. நான் என் கண்ணால் பார்த்தேன்.

பிறகு பூஜை. பூசாரி பாலிதீன் உறை மேலேயே சந்தனம் குங்குமம் வைத்தார். லேசர் இயந்திரத்தின் கண்ணாடியில் மூன்று விரலால் பட்டை போட்டார். பூசணிக்காய் உடைத்ததில் விதையும் சதையும் வாசல் முழுக்கத் தெறித்தது, அதை மிதித்துக்கொண்டே எல்லோரும் உள்ளே வந்தார்கள். கடைசியில் ரோபோ. புது லாரிக்கு வைக்கிற மாதிரி அதன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார் பூசாரி. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், தலைமையாசிரியர் முறைத்தார். லாரி எலுமிச்சம்பழத்தை நசுக்கும். இந்தப் பொம்மை எதை நசுக்கும்? பட்டனை அழுத்தியதும் பழத்தின் மேல் ஏறப் பார்த்தது, உறுமியது, அப்படியே குப்புற விழுந்தது. பூவெல்லாம் பூசணிச் சதையில் கொட்டியது. "இந்த ரோபோவை நாங்களே வடிவமைத்தோம்" என்று அந்தப் பையன் மட்டும் நிறுத்தாமல் இங்கிலீஷில் சொல்லி முடித்தான்.

அந்த நேரம் பார்த்து என் மேசைக்கு அடியிலிருந்து மணி அடிக்க ஆரம்பித்தது.

தொட்டி காலி.

"என்னங்க இது சத்தம்?" என்றார் வெள்ளிங்கிரி அய்யா.

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். அவர் நெற்றியில் ஏ.சி.யிலும் வேர்வை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாராவது ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"வரவேற்பு மணிங்க அய்யா" என்றேன். "பிள்ளைங்க செஞ்சது. விருந்தாளி உள்ள வந்தா தானா அடிக்குமுங்க."

அய்யாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அட! அப்ப நான் வெளிய போயிட்டு வர்றேன், பாக்கலாமுங்" என்று வெளியே போனார். நான் மேசையோடு ஒட்டி நின்று, கையைப் பின்னால் விட்டு வயரைப் பிரித்தேன். மணி நின்றது. அவர் உள்ளே வந்தார், வயரைச் சேர்த்தேன். அடித்தது. கைதட்டல். அவர் மறுபடி போனார், மறுபடி வந்தார். அவர் மனைவியை அனுப்பிப் பார்த்தார். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். வாசலில் கற்கண்டுத் தட்டோடு சுபிக்ஷா நின்றிருந்தாள். அவள் அய்யாவைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மணி ஒண்ணு போதுமுங். எங்க மச்சான் அடுத்த மாசம் வர்றாரு, கூட்டியாந்து காட்டறேன். அவரும் இந்த மாதிரி ஒண்ணு கட்டித் தரேன்னுட்டு இருக்கறாரு" என்றார் அய்யா.

போகும்போது தலைமையாசிரியர் என் தோளைத் தட்டினார். "மானத்தக் காப்பாத்திட்டீங் சார்."

தோளைக் கழுவ வேண்டும் போல இருந்தது.

பிப்ரவரி 24, திங்கள்

பேப்பரில் படம் வந்திருக்கிறது. விருந்தினர் வந்தால் ஒலிக்கும் மணி, மாணவி சாதனை. வழிபாட்டில் சுபிக்ஷாவை மேடைக்கு அழைத்து அகராதி ஒன்று பரிசு கொடுத்தார்கள். அவள் வாங்கிக்கொண்டாள். சிரிக்கவில்லை.

மத்தியானம் நான் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். அகராதியை என் மேசை மேல் வைத்தாள்.

"சார், மணிய நீங்களே வெச்சுக்குங்க. சுவிட்ச மட்டும் எங்ககிட்டக் குடுத்துருங்க."

எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். கத்திவிட்டேன். டாக்டர் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. நான் இல்லாவிட்டால் நீ இந்த அறைக்குள்ளேயே வந்திருக்க மாட்டாய், உனக்காக எத்தனை பேரிடம் பேச்சு வாங்கினேன், நன்றி வேண்டாமா என்றெல்லாம் கேட்டேன். அவள் தலை குனியவில்லை.

"ரூபிணி இன்னும் மாத்திரை சாப்படறாளுங் சார். நான் அந்த மணிய உங்களுக்குன்னுதான் வெச்சேன். நீங்க வயரப் பிரிச்சு விட்டுட்டீங்க."

வெளியே போ என்றேன். போய்விட்டாள். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு இவ்வளவு வாய். அதற்கு மேல் ஒரு பேப்பரும் திருத்த ஓடவில்லை. குளிர் எலும்பில் ஏறியது.

ராத்திரி சாப்பிடும்போது வளர்மதியிடம் சொன்னேன். முழுவதும் சொல்லவில்லை. பெண் பிள்ளைகள் தண்ணீரே குடிப்பதில்லையாம், என்ன பழக்கமோ என்று மட்டும் சொன்னேன். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே, "நான் மட்டும் குடிச்சனா?" என்றாள்.

"எப்ப?"

"படிக்கறப்ப. இப்பவுந்தான், பஸ்ஸுல வெளியூரு போற அன்னிக்கு ஒரு வாய் குடிக்க மாட்டேன். இத்தனை வருசம் பக்கத்துலதான உக்காந்துட்டு வர்றீங்க?"

எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் ஜன்னலோரத்து இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, நான் பாட்டுக்கு முழு பாட்டிலையும் குடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். பஸ் நிற்கிற இடத்தில் எல்லாம் இறங்கிப் போயும் வந்திருக்கிறேன்.

பிப்ரவரி 27, வியாழன்

பழனிச்சாமியைக் கூப்பிட்டு, சுவிட்சைக் கழற்றிக் கழிப்பறை வராந்தாச் சுவரில் மாட்டச் சொன்னேன். பிள்ளைகளுக்குக் கை எட்டுகிற உயரத்தில், பத்திரமாக ஒரு பெட்டிக்குள்.

"ஹெச்.எம். கேட்டா என்னங் சார் சொல்றது?"

"பழைய இடத்துல சுவர் ஈரம், ஷாக் அடிக்கும்னு மாத்துனோம்னு சொல்லு."

இன்னொரு பொய். மாட்டி முடிக்கும் வரை யாரும் வந்துவிடக் கூடாதே என்று வாசலைப் பார்த்தபடி திருடன் மாதிரி நின்றேன். இந்த வயதில் இது எனக்குத் தேவையா?

சுபிக்ஷாவிடம் எப்படித் திருப்புவது என்று காட்டப் போனேன். "தெரியுமுங் சார்" என்றாள். மணியையும் மேசைக்கு அடியிலிருந்து கழற்றிக் கழிப்பறைப் பக்கமே கொண்டுபோய்விட்டாள். நான் மறுக்கவில்லை.

ஆனால் அய்யாவின் மச்சான் வரும்போது மணி அடித்தாக வேண்டும் என்று தலைமையாசிரியர் தினமும் கேட்கிறார். கடையில் ஒரு அழைப்பு மணி வாங்கி, மேசைக்கு அடியில் காலால் அழுத்துகிற மாதிரி பொருத்தியிருக்கிறேன். இதையும் நான்தான் செய்தேன், எழுதி வைக்கிறேன்.

மார்ச் 5, புதன்

வெள்ளிங்கிரி அய்யா மச்சானோடு வந்தார். நான் மேசையருகே நின்று காலால் அழுத்தினேன். அடித்தது. மச்சான் வெளியே போய் வந்தார், அடித்தது. கைதட்டினார்கள். என் கால் எனக்கே அருவருப்பாக இருந்தது, செருப்போடு கழற்றி எறிந்துவிடலாம் போல.

பாலிதீன் உறைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து இன்னொரு ஆய்வகம் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். தலைமையாசிரியர் மாணவிகளின் அறிவியல் ஆர்வம் என்று தொடங்கினார். அப்போது ஏ.சி. ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் உறுமியது. தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் அடைத்த ஜன்னலையும் தாண்டித் தெளிவாகக் கேட்டது.

"என்னங்க இது சத்தம்?" என்றார் அய்யா. அதே கேள்வி, அதே குரல்.

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். சிரிக்கச் சொல்கிற மாதிரி பார்த்தார். ஏதாவது சொல்லியிருப்பேன். நீர்வீழ்ச்சி மாதிரி என்று சொன்னாலும் நம்பியிருப்பார்கள். வாய் வரை வந்துவிட்டது. வாசலில் இன்று யாரும் தட்டோடு நிற்கவில்லை. என் கையைப் பார்க்க ஆள் இல்லை.

"மோட்டாருங்க" என்றேன். "பொம்பளப் பிள்ளைங்க கக்கூஸ்ல தண்ணி தீந்துபோச்சு. அவங்களே போட்டுக்கறாங்க. மோட்டாரு ஓடுனா ஏ.சி. ஓடாதுங்க."

"அப்ப இந்த மணி?" என்றார் மச்சான்.

"இது கடையில வாங்கினதுங்க. என் காலுக்கு அடியில பட்டன் இருக்குது. அன்னிக்கு அய்யா வந்தப்ப அடிச்சது பிள்ளை செஞ்ச மணி. தொட்டியில தண்ணி இல்லீன்னா அடிக்கும். நாந்தான் வரவேற்பு மணின்னு சொன்னேன்."

வெள்ளிங்கிரி அய்யா கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வரிசையில் நின்ற பிள்ளைகளை நினைத்து வெட்கப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "புழுக்கமா இருக்குதுங்களே, கெளம்பலாமா?" என்று மட்டும் கேட்டார். காபியைக் காரிலேயே வாங்கிக் குடித்தார்கள். மச்சான் மட்டும் ஏறப்போகும்போது கழிப்பறைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பார்த்ததோடு சரி.

மார்ச் 6, வியாழன்

தலைமையாசிரியர் அறைக்கு அழைத்தார். கதவைச் சாத்தினார்.

"இன்னிக்கே அந்த சுவிட்ச மறுக்கா உள்ள கொண்டுவந்து மாட்டுங்க. ஆய்வகப் பொறுப்பும் நீங்க பாக்க வேண்டாம். சாவிய கணக்கு வாத்தியார்கிட்டக் குடுத்துருங்க."

சாவியை மேசையில் வைத்தேன். "சுவிட்ச மாத்தறேனுங்க. ஒரு உத்தரவு மட்டும் எழுதிக் குடுங்க. மாணவியர் கழிப்பறைக்குச் செல்லும் தண்ணீரை நிறுத்தி ஆய்வகத்துக்குக் குளிரூட்டவும், அப்படின்னு. கையெழுத்து, சீல், தேதி."

பேனாவைக் கையில் எடுத்தார். முப்பது வருடம் உத்தரவு எழுதிய கை. மூடியைத் திறந்தார், மூடினார். "போங்க சார், பாத்துக்கலாம்" என்றார்.

எழுதவில்லை. எழுத மாட்டார். வாயால் ஆயிரம் சொல்வார்கள், காகிதத்தில் ஒரு வரி வராது. இந்த அலுவலகங்களில் எனக்கு வாந்தி வருகிற பழக்கம் அதுதான். முதல் தடவையாக அது எனக்கு உதவியிருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

சுவிட்ச் வராந்தாவிலேயே இருக்கிறது. ஆய்வகம் பூட்டியிருக்கிறது. ஏ.சி. இல்லாமல் கணக்கு வாத்தியார் அந்தப் பக்கம் போவதில்லை. முன்பக்கக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அச்சு இயந்திரத்தின் உறை மேல் சந்தனம் காய்ந்து உதிர்ந்து கிடக்கிறது. எழுத எழுத எரிகிறது. அந்தப் பூட்டு என்றைக்குத் திறக்குமோ. சுபிக்ஷா என் வகுப்பில் முன் பெஞ்சில்தான் உட்காருகிறாள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறாள். அதற்கு மேல் பேச்சில்லை.

மார்ச் 19, புதன்

சாயங்காலம் வாசலில் தலைமையாசிரியர் கத்திக்கொண்டிருந்தார். செம்பருத்தி வாடிவிட்டது. இலையெல்லாம் துவண்டு, மொட்டு உதிர்ந்து, மண் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது.

"எத்தனை நல்லா இருந்த செடி! ஒருத்தரும் தண்ணி ஊத்தறதில்லீங்களா?"

"இப்ப ஊத்தறதில்லீங்க" என்றேன்.

என்னை முறைத்துவிட்டு உள்ளே போனார். பள்ளி விட்டு ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் கும்பலாக வந்தார்கள். ரூபிணி நடுவில் வந்தாள், கொஞ்சம் இளைத்திருக்கிறாள். செடியைப் பார்த்து நின்று, பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தாள். ரெண்டு சொட்டு விழுந்தது. உதறிப் பார்த்தாள். அதற்கு மேல் இல்லை. சிரித்துக்கொண்டே மூடியைத் திருகிவிட்டு ஓடிப்போய் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

நான் கேட் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். நாளைக்கு வரும்போது வீட்டிலிருந்து ஒரு கேன் தண்ணீர் கொண்டுவந்து செடிக்கு ஊற்ற வேண்டும்.